குழிநரியும் குளத்துப் பூச்சியும்

உக்காருங்க மைனி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க, காத்து வரும். மைனின்னு மொறை சொல்லிக் கூப்பிட்டதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? இன்னும் பேச்சு முடியல, பூ வைக்கல, அதுக்குள்ள என்ன மைனின்னு நினைக்காதிய. எனக்கு வாயில அப்படித்தான் வருது. வீடு பாக்க வந்தவங்கள வேற என்னன்னு கூப்பிட?

வீட்டச் சுத்திப் பாத்தாச்சுலா? மூணு ரூமு, அடுப்படி, குளிக்க கொள்ள எல்லாம் உள்ளயே இருக்கு. புறவாசல் அறைய மட்டும் பூட்டி வச்சிருக்கேன். அதுல ஒண்ணுமில்ல. பழைய சாமான். எம்மவன் லிங்கதுரைக்கு உரக்கடை, கடை அவன் பேர்லயே இருக்கு. குடி கிடையாது, பீடி கிடையாது. எதிர்த்து ஒரு பேச்சு பேசமாட்டான், வாயில்லாப் பூச்சி. அந்தா வேப்பமரத்து நெழல்ல குத்தவச்சிருக்கான் பாருங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு என்னமோ கேக்காரு, அவன் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுதான். அவ்வளவுதான் அவன்.

பஸ் ஸ்டாப்புல பெட்டிக்கடைக்காரி என்னமோ சொல்லியிருப்பா. சொல்லல்லன்னு சொல்லாதிய, உள்ள வரும்போதே உங்க மொகம் சரியில்ல. என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். எம்மவனோட மூத்த தாரத்த மாமியாக்காரி கொன்னுட்டான்னு சொல்லியிருப்பா. அவ வாய்ல வசம்ப வச்சுத் தேய்க்க. நானே சொல்லுதேன் மைனி, எதையும் மறைக்காம சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. எம்மேல என்ன தப்பு?

அவ பேரு சுகிர்தா. ஆத்துப்பாசனத்து ஊரு, உங்க ஊரு மாதிரியே. வீட்டுக்குப் பின்னாலயே குளம். மீன்குஞ்சு மாதிரி தண்ணிக்குள்ளயே வளந்தவ. இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து, வாசல்ல எறங்குனதும் செவப்பு மணலப் பாத்து, "அத்தை, இங்க மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?"னு கேட்டா. மணலு குடிச்சிரும்னு சொன்னேன். 

பெரிய படிப்பு. பூச்சிகளப் பத்திப் படிக்கிற படிப்பு. மேல டாக்டர் பட்டம் வாங்கணுமாம், ஊசி போடுற டாக்டர் இல்ல, இது வேற. வீடு பாக்க வந்த அன்னைக்கே அவ அம்மா இதே எடத்துல உக்காந்து கேட்டா. "கல்யாணத்துக்கப்புறமும் பிள்ளை படிக்கணும்னு சொல்லுதா, அது ஒண்ணுதான் அவ கேக்கது." நான் என்ன சொன்னேன்? தாராளமாப் படிக்கட்டும், நாங்க காலையா கட்டிப்போடப் போறோம்னு சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லுதேன். உங்க மக இந்துமதி ஆஸ்பத்திரில லேப் வேலைக்குப் போகணும்னா போகட்டும். நான் போகாதன்னு சொல்லுற ஆளு இல்ல. சுகிர்தாவையும் ஒரு நாள் ஒரு பொழுது போகாதன்னு சொன்னதில்ல. இத நீங்க யார்ட்ட வேணாலும் கேளுங்க.

காப்பி எடுத்துக்கோங்க. கருப்பட்டி போட்டது. சீனி வேணும்னா சொல்லுங்க.

அவ வந்த ஒரு மாசத்துல புறவாசல் அறை பூச்சி வீடாப் போச்சு. ஒரு பக்கம் ஈயத் தட்டு நெறைய நம்ம தேரி மணலு. இன்னொரு பக்கம் கண்ணாடித் தொட்டியில குளத்துத் தண்ணியும் பாசியும். மணல்ல குழிநரி. தெரியுமா உங்களுக்கு? உங்க பக்கம் கெடையாதோ என்னமோ. எறவாரத்துக்குக் கீழ, மழை படாத மணல்ல, புனல் மாதிரி சின்னச் சின்னக் குழியா இருக்கும். அடியில ஒரு பூச்சி பொதைஞ்சு உக்காந்திருக்கும். நாங்க சின்னப் பிள்ளையில எறும்பப் பிடிச்சுப் போட்டு வெளையாடுவோம். தண்ணித் தொட்டியில இருக்கது அவ ஊர்க் குளத்துப் பூச்சி. தட்டையா, பழுத்த புளியங்கொட்டை நெறத்துல. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு சொல்லுவா, என் வாயில நுழையாது. பாசியப் பிடிச்சுக்கிட்டுத் தலைகீழாத் தொங்கும். பக்கத்துல ஏதாவது நீந்திப் போச்சுன்னா லபக்குன்னு முன்னங்காலால கட்டிப் பிடிச்சிரும்.

ரெண்டையும் ஒத்துப் பாக்கதுதான் அவ படிப்பு. காஞ்ச எடத்துல இருக்க கொலைகாரன் எப்படி, தண்ணிக்குள்ள இருக்க கொலைகாரன் எப்படி. பட்டினி போட்டா எது எம்புட்டு நாள் தாங்கும், எது எடம் மாறும். இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பட்டம். நான் சிரிப்பேன். ஆனா சாயங்காலம் அவ சொல்லும்போது பக்கத்துல உக்காந்து கேப்பேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாச் சொல்லுவா.

"ரெண்டும் கடிச்சுத் திங்காது அத்தை. குத்தி, உள்ள ஒரு தண்ணிய ஏத்தும். உள்ள உள்ளதெல்லாம் கரைஞ்சு கூழாயிரும். அத உறிஞ்சிட்டுக் கூட்ட விட்டுரும். பாத்தா எறும்பு எறும்பு மாதிரியேதான் இருக்கும். உள்ளதான் ஒண்ணும் இருக்காது."

இன்னொரு நாள் என்னக் கூப்பிட்டுத் தட்டுல காட்டுனா. ஒரு எறும்பு குழியில விழுந்துட்டு ஏறுது. விளிம்புக்கே வந்துட்டு. குழிநரி எந்திரிச்சு வரல, தொரத்தல. தலைய ஒரு வெட்டு வெட்டி மணல வீசுச்சு. கரை சரிஞ்சுது, எறும்பு கீழ வந்துட்டு. மறுபடி ஏறுது, மறுபடி வீசுது. "பாத்தியளா அத்தை, அது எறும்பத் தொடவே இல்ல. எறும்பு கால் வைக்கிற மணலத்தான் சரிச்சு விடுது." எனக்கு ஆச்சரியமாப் போச்சு. கெட்டிக்காரப் பூச்சிதான், ஒரு அடி அடிக்கல பாருங்க! அத நான் சொன்னதும் அவ என்னயே பாத்துக்கிட்டு இருந்தா. ஏன் அப்படிப் பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

ரெண்டுல எது பொல்லாததுடின்னு கேட்டேன். "ரெண்டும் பசிக்குத்தான் கொல்லுது அத்தை, பசியில்லாம எதுவும் கொல்லாது"ன்னா. ரொம்பப் படிச்சா இப்படித்தான், கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

காலேஜுல பேரு பதியப் போகணும்னு ஒரு நாள் சேலை கட்டி, பை எடுத்து, வாசல் வரைக்கும் வந்துட்டா. எனக்கு அன்னைக்குன்னு தலைசுத்தல். நான் போகாதன்னு சொல்லல. சுவரப் பிடிச்சுக்கிட்டு, நீ போயிட்டு வா தாயி, நான் எப்படியாவது கஞ்சி வச்சுக் குடிச்சுக்கிடுதேன்னுதான் சொன்னேன். அவளா பையக் கீழ வச்சுட்டா. அடுத்த தடவ தூத்துக்குடியில இருந்து என் நாத்தனா வாறதாச் சொல்லியிருந்தா. வீட்டுக்கு வாறவங்கள மருமக இல்லாமலா வரவேற்க முடியும்? நாத்தனா பெறகு வரல, அது வேற விஷயம். அதுக்கடுத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழா. காப்புக் கட்டியாச்சு, ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு, நானா வச்சேன்? லிங்கம் "பெறகு பாத்துக்கலாம் சுகி"ன்னான். அவனுக்கு என் மனசு தெரியும். நான் வாயத் தொறக்கவே வேண்டாம், மொகத்தப் பாத்தே புரிஞ்சுக்குவான். அப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் சொல்லுங்க.

மணி ஆகலையே மைனி, அதுக்குள்ள என்ன எந்திரிக்கிய? ரெண்டு மணி பஸ்ஸு இப்பம்லாம் வாறதில்ல. உக்காருங்க, வெயில் தாழட்டும்.

ஐப்பசி பொறந்து, அவ முழுகாம இருந்தா. அஞ்சாம் மாசம். எனக்குத் தலைகால் புரியல. இந்த வீட்டுல பிள்ளை அழுத சத்தம் கேட்டு எம்புட்டு காலமாச்சு! அவளத் தரையில கால் வைக்கவிடாமப் பாத்துக்கிட்டேன். பழமும் பாலும் கையில கொண்டு போய்க் குடுத்தேன். அந்தப் பூச்சி அறைக்குள்ளயும் நான்தான் போய்ப் பெருக்கினேன், குனிஞ்சு நிமிர வேண்டாம்னு. நல்லதுக்குத்தான் போனேன். இத மனசுல வச்சுக்கோங்க.

அன்னைக்கு அவ தூங்குதா. நான் பெருக்கிட்டுத் தொட்டியப் பாக்கேன். ஒரு பூச்சி முதுகு பூரா வெள்ளை வெள்ளையாக் கொப்புளம். ஒட்ட வச்ச ஜவ்வரிசி மாதிரி வரிசையா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிட்டு. சீக்கு வந்துட்டுன்னு நினைச்சேன். பிள்ளைத்தாச்சி இருக்க வீட்டுல சீக்குப் பூச்சிய வைக்கலாமா? ஆனா அவ ஆசையா வளக்கா, தூக்கிப் போடவும் மனசு வரல. விளக்கமாத்து ஈர்க்க எடுத்து, பூச்சிய வெளிய எடுத்து வச்சு, பையப் பையச் சொரண்டி எடுத்தேன். ஒண்ணு விடாம எடுத்துட்டு, சாக்கடையில தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். பூச்சியத் திரும்பத் தொட்டியில விட்டேன். சுத்தமாயிட்டு, பளபளன்னு இருந்துச்சு. அவ எந்திரிச்சு வந்ததும் நானேதான் சொன்னேன். ஒன் பூச்சிக்கு நான் வைத்தியம் பாத்துட்டேன் பாருன்னு.

அவ சத்தம் போடல. ஏசல. சாக்கடைக்குப் போயி வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் குத்தவச்சு, சேத்துக்குள்ள கைய விட்டுத் தேடினா. நாலஞ்சு கெடைச்சுது. ஈரப் பஞ்சுல எடுத்து வச்சா. பெறகு என்னப் பாத்து, "அது சீக்கு இல்ல அத்தை. முட்டை. அதுல ஆம்பளைதான் முதுகுல சுமக்கும். பொரிக்கிற வரைக்கும் எறக்கி வைக்காது"ன்னா.

எனக்கு எப்படித் தெரியும் மைனி? ஆம்பளை பிள்ளை சுமக்குமா? நீங்க கேள்விப்பட்டிருக்கியளா? சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா? அவ சொல்லல்லியே!

ஒரு வாரம் அவ சரியாச் சாப்பிடல. முட்டை சுமக்கிற பூச்சி இரை பிடிக்குமா, பட்டினி கெடக்குமான்னு பாக்கதுக்குத்தான் அத்தனை நாள் காத்திருந்தாளாம். இனி மழைக்காலம் முடிஞ்சா கெடைக்காதாம். அவ ஊர்க் குளத்துக்குப் போயி முட்டையோட ஒண்ணப் பிடிச்சு வரணும்னு பிடிவாதமா நின்னா. "நீங்க வண்டியில கூட்டிட்டுப் போங்க, நான் கரையில நிக்கேன், நீங்க எறங்கி எடுங்க"ன்னு லிங்கத்துகிட்டக் கேட்டா. அவன் என்னப் பாத்தான். நான் போகாதன்னு சொல்லல. கேக்கியளா? சொல்லவே இல்ல. மழையில, வயித்துப் பிள்ளைக்காரி, குளத்தங்கரையில, ஒங்க இஷ்டம், நான் யாரு சொல்லன்னுதான் சொன்னேன். ஞாயித்துக்கிழம போவோம்னான். ஞாயித்துக்கிழம அமாவாசை. நெறஞ்ச அமாவாசையில பிள்ளைத்தாச்சி தண்ணிப் பக்கம் போகலாமா? சரி, வெள்ளிக்கிழமையே போவோம்னு வண்டிய எடுத்துட்டான். சாவியப் போட்டு நிக்கான், அவ பின்னால ஏறப் போறா. அப்பம் பாத்து எனக்கு நெஞ்சுல வலி. நெசமாவே வலிச்சுது மைனி. உங்க மேல சத்தியம். இந்த எடத்துல, இங்க தொட்டுப் பாருங்க, இப்பவும் இருக்கு.

அவன் வண்டிய நிறுத்திட்டு எம்பக்கத்துல வந்து உக்காந்துட்டான். அவ வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னா. எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. "நீங்க வரலையா?"ன்னு ஒரு தடவ கேட்டா. அவன் என் மொகத்தப் பாத்தான். பஸ்ஸுக்கு நடந்து போயிட்டா. போகும்போது மணல்ல கால் பொதையப் பொதைய, திரும்பிப் பாக்காமப் போனா. வயித்துப் பிள்ளைக்காரிக்கு அம்புட்டு வீம்பு ஆகுமா?

குளம் நெறஞ்சு மடைய ரெண்டு நாளு முன்னாலதான் தொறந்திருக்காங்க. தண்ணி இழுப்பு ஜாஸ்தி. அவ அம்மா வீட்டுக்குக்கூடப் போகல, நேராக் குளத்துக்குப் போயிருக்கா. ஆகாயத்தாமரைக்குள்ள கெடந்தவளத்தான் எடுத்தாங்க. தண்ணியிலயே வளந்தவ, தண்ணியில எப்படிப் போவா? கால் வழுக்கித்தான் போனான்னு அவங்க ஊர்லயும் சொன்னாங்க. அவ அம்மா மட்டும் எம்முன்னால வந்து நின்னு, என் காலுல துப்பிட்டுப் போனா. நான் அதையும் தாங்கிக்கிட்டேன்.

அவ போனது போகட்டும். எனக்கு இன்னைக்கும் ஆறாதது ஒண்ணே ஒண்ணுதான். எம்பேரப்பிள்ளையையும்லா சேத்து எடுத்துட்டுப் போயிட்டா! அது என் வீட்டுப் பிள்ளை. அதுக்கு அவ யார்ட்டக் கேட்டா? 

இல்ல, வேற ஒண்ணுமில்ல மைனி. வாசல்ல ஏன் இம்புட்டு குழின்னு நீங்க கேட்டதுனால சொல்லுதேன். காரியம் முடிஞ்சதும் அந்தத் தட்டு மணல வாசல்ல கொட்டிட்டேன், தொட்டித் தண்ணியக் கெணத்துல ஊத்திட்டேன். அதுல இருந்துதான். தேரின்னா குழிநரி இருக்கத்தான் செய்யும். ஆனா எறவாரத்தோட இருந்தது, இப்பம் வாசப்படிக்கு வந்துட்டு. காலையில பெருக்கித் தள்ளுதேன், மத்தியானம் வெளிய வந்து பாத்தா அதே எடத்துல அதே குழி. கொஞ்சம் பெருசா. கால வைக்கப் பயமா இருக்கு. இம்புட்டுக்காணு பூச்சிக்குப் பயமான்னு சிரிக்காதிய. கெணத்துல வாளிய விட்டா ஒரு பூச்சி கூடவே ஏறி வருது. முதுகு நெறைய முட்டையோட. எப்பம் விட்டாலும் முட்டையோடதான் வருது. பொரிக்கவே செய்யாதா அது? நான் அந்தத் தண்ணிய வாயில வைக்கதில்ல. கேன் தண்ணிதான் வாங்குதோம். இந்தக் காப்பியும் கேன் தண்ணிதான், பயப்படாமக் குடிங்க.

ஆள் நடமாட்டம் இல்லாத வீடு அப்படித்தான். ஒரு பொண்ணு வந்து வெளக்கு வச்சா, சிரிச்சுப் பேசினா, எல்லாம் ஓடிப்போயிரும். எனக்கு அதுதான் வேணும். எனக்காக இல்ல, லிங்கத்துக்காக. அவன் மத்தியானமானா கடைய அடைச்சுட்டு வந்து அந்த மரத்தடியில உக்காந்திருவான். ஆமா, எறும்பு பிடிச்சுப் போடுதான். குழிக்குக் குழி போடுதான். அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு. எறும்பு ஏற முடியாமத் தவிச்சா குச்சிய வச்சு ஏத்தி விடுவான், பெறகு திரும்பவும் போடுவான். கோட்டி, கிறுக்கு எல்லாம் இல்ல மைனி. டாக்டர்ட்டயே காமிச்சாச்சு.

அவன்கிட்டப் பேசணுமா? பேசுங்க, தாராளமாப் பேசுங்க. லே லிங்கம், இங்கன வா. மைனி என்னமோ கேக்கணுமாம்.

என்ன கேட்டிய? ஏன் கூடப் போகலன்னா? அவன்கிட்ட ஏன் அதக் கேக்கிய, நான்தான் சொன்னேம்லா, எனக்கு நெஞ்சு வலி. பெத்த தாயி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா எந்தப் பிள்ளை வண்டியில ஏறிப் போவான்? சொல்லுலே, அப்படித்தான? பாத்தியளா, தலைய ஆட்டுதான். அவன் அப்படித்தான், என்னப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவான். சின்னதுல இருந்தே அப்படி. இல்ல மைனி, நான் அவனச் சொல்லவிடாமத் தடுக்கல. அவனே சொல்லட்டும். சொல்லுலே. சொல்லு. அவன் என்ன சொல்லுவான்? அதேதான் சொல்லுவான்.

ஏன், எந்திரிச்சுட்டிய? உங்க வீட்டுக்காரர எதுக்கு இப்பம் கூப்பிடுதிய? அவரு சாவகாசமா மர நெழல்ல நிக்காரு. சாப்பாடு ஆயிட்டு மைனி. கை நனைக்காம போகக்கூடாது. நல்ல காரியத்துக்கு வந்துட்டு வெறும் வயித்தோடப் போனா எனக்குலா கெட்ட பேரு. நான் போகாதியன்னு சொல்லல. வெயில் கொஞ்சம் எறங்கட்டும், ஆட்டோக்காரன் சாப்பிடப் போயிருக்கான், வந்துருவான். கொஞ்ச நேரம். பழம் உரிச்சு வைக்கட்டுமா? எனக்கு வேற காலையில இருந்து நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு மைனி, இந்தா பாருங்க, இந்த எடத்துல... மைனி! நல்ல நாள் பாத்துச் சொல்லுவியளா? போனு பண்ணுவியளா?

ஏ மைனி, செருப்பு! செருப்ப விட்டுட்டுப் போறியளே! இந்த வெயில்ல தேரி மணலு காலப் பொசுக்கிரும். உங்களுக்குப் பழக்கமில்ல. கேக்குதா? வெறுங்காலோட எங்க ஓடுதிய? பாத்துப் போங்க, வாசப்படியில குழி கெடக்கு!

லே லிங்கம், அவங்க செருப்ப எடுத்துட்டு ஓடு. ரோடு வரைக்கும் போயிக் குடுத்துட்டு வா. அந்தப் பொம்பள கால் வெந்து போயிரும்லே. என்ன நிக்க? என் மொகத்துல என்னத்தப் பாக்க? போலே. நான் போன்னுதான சொல்லுதேன். போன்னுதான்லே சொல்லுதேன்.